கரிசலிலும் பாதி, செவலிலும் பாதி

அன்பு மகனுக்கு,

ஊரிலிருந்து நீ எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அதைத் தகப்பனாக ஒருமுறையும், எதிர்க்கட்சிக்காரரின் வக்கீலாக ஒருமுறையும் படித்தேன். இரண்டாம் முறை படித்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. கேட்க வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் கேட்டிருக்கிறாய். தம்பியின் சம்மதத்தை முன்கூட்டியே எழுதி வாங்கி இணைத்திருக்கிறாய். ஆவணியில் உன் கல்யாணம். அதற்கு முன்பாக நிலத்தைப் பிரித்துப் பதிவு செய்துவிட வேண்டும், ஊருக்குத் தெற்கே உள்ள ஐந்து ஏக்கர் கரிசல் முழுவதும் உனக்கு, வடக்கே உள்ள நாலரை ஏக்கர் செம்மண் செவல் முழுவதும் தம்பிக்கு என்பது உன் விருப்பம். கரிசலில் கிணறு வெட்டி, எண்ணெய் எஞ்சின் வைத்து, ஒரே சீராகப் பருத்தி போடுவாய். ரயில்வே ஆபீசில் வேலை பார்க்கும் தம்பி தன் செவலைச் செங்கல் சூளைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு, கோரிப்பாளையம் பக்கம் வீடு வாங்குவான். இவ்வளவையும் நாலு பக்கத்துக்கு எழுதிவிட்டு, சாப்பாட்டுத் தானியத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். என்னுடைய இந்தக் கடிதம் அந்த ஒரு வரியைப் பற்றியது.

முதலில் சட்ட நிலையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அதில் சந்தேகம் வேண்டாம். இது பூர்வீகச் சொத்து. இதில் உனக்குள்ள உரிமை பிறப்பால் வந்தது, நான் பார்த்துக் கொடுத்ததன்று. நீ பாகம் கேட்டால் நான் மறுக்க முடியாது, மறுக்கவும் மாட்டேன். எனக்குச் சேர வேண்டிய பங்கையும் உங்கள் இருவருக்கும் சமமாக விட்டுவிடத் தீர்மானித்திருக்கிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கண்புரை ஒரு கண்ணில் இறங்கிவிட்டது. இந்த வேலையை என் கையாலேயே முடித்து வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆகவே இதன் பிறகு நான் எழுதுவதை ஒரு கட்சிக்காரரின் வாதமாக மட்டும் எடுத்துக்கொள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நீ.

ஆளுக்கொரு மண்ணாகப் பிரித்துக்கொள்ளலாம் என்ற யோசனை உனக்கு இப்போதுதான் தோன்றியிருக்கும். அது எனக்கு இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்பே தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல் நானே பத்திரம் எழுதிப் பதிவும் செய்தேன். நீ அப்போது கைக்குழந்தை. இதை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. உன் பெரியப்பாவும் சொல்லியிருக்க மாட்டார். பெரியம்மா சொல்லியிருக்கவே மாட்டாள்.

உனக்குத் தெரிந்த விவசாயத்தையே உனக்குத் திரும்பச் சொல்வதற்கு மன்னித்துக்கொள். வாதத்தின் அடிப்படை அதில்தான் இருக்கிறது. செவலுக்கு ஆடி மழை போதும். சாமையும் கம்பும் அந்த ஈரத்திலேயே முளைத்து, புரட்டாசிக்குள் வீடு வந்து சேர்ந்துவிடும். கரிசல் அப்படிக் கொடுக்காது. ஐப்பசி மழையைக் குடித்து உள்ளே வைத்துக்கொண்டு, தையிலும் மாசியிலும்தான் சோளத்தையும் பருத்தியையும் தரும். தையில் தானியக் குலுக்கைக்குள் கொட்டிய சோளம் மானாவாரிக் குடும்பத்துக்கு ஆடி வரைக்கும் ஓடும். ஆவணியில் குலுக்கையின் அடி தெரியும். அந்த நேரத்துக்குச் சரியாகச் சாமை வந்து நிற்கும். ஆடி மழை பொய்த்த வருஷம் கரிசல் காப்பாற்றும். ஐப்பசி மழை பொய்த்த வருஷம் செவல் காப்பாற்றும். இரண்டும் ஒரே வருஷத்தில் பொய்ப்பது அபூர்வம். இதனால்தான் நம் பக்கத்தில் அண்ணன் தம்பிகள் பிரியும்போது, எத்தனை பேராக இருந்தாலும், ஒவ்வொரு புன்செய்க் காட்டையும் நெடுக்கே கிழித்து, ஒவ்வொரு மண்ணிலும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தத் துண்டுகளுக்குக் கோவணத் துண்டு என்று ஊரில் பெயர். ஏர் பூட்டிய மாடு திரும்ப இடம் இருக்காது. வரப்புக்கு வரப்பு சண்டை வரும். அந்தச் சண்டைகள் முனிசிப் கோர்ட்டுக்கு வந்து, என்னைப் போன்றவர்களுக்குச் சோறு போட்டன என்பதையும் நான் மறைக்கக் கூடாது.

என் தகப்பனார் காலமான மறு வருஷம் நானும் உன் பெரியப்பாவும் பிரிந்தோம். மனஸ்தாபம் எதுவும் இல்லை. நான் மதுரையில் வக்கீல், அவர் ஊரில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி. பிரித்து வைத்துக்கொள்வது இருவருக்கும் சௌகரியம் என்று நான்தான் சொன்னேன். தினமும் வரப்புச் சண்டை வழக்குகளைப் பார்த்துப் பார்த்து, என் குடும்பத்தில் ஒரு வரப்புக்கும் இடம் வைக்கக் கூடாது என்று நினைத்தேன். தெற்கே கரிசல் முழுவதும் அண்ணனுக்கு. வடக்கே செவல் முழுவதும் எனக்கு. நடுவில் ஊரே இருக்கிறது, எங்கிருந்து சண்டை வரும்? செவலைப் போல இரண்டு மடங்கு விலை பெறும் கரிசலை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்ததால், இதில் எனக்கு ஒரு தியாகப் பெருமை வேறு. எல்லைகளை அவ்வளவு துல்லியமாக எழுதிய பத்திரம் நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை.

பத்திரத்தை வாசித்துக் காட்டியபோது, உன் பெரியம்மா உள்ளே சோளம் புடைத்துக்கொண்டிருந்தவள், சுளகைக் கீழே வைத்துவிட்டு நிலைப்படிக்கு வந்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கரிசல்ல சோளம் வெளையும், பருத்தி வெளையும், எல்லாஞ் சரி. ஆவணியில எம்புள்ளைகளுக்குக் கஞ்சி எதுல காச்சுறது கொழுந்தனாரே?" நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. சாட்சிக் கூண்டில் நிற்கிறவரைக் கேட்பதைப் போல, கரிசல் ஏக்கர் என்ன விலை, செவல் ஏக்கர் என்ன விலை, சொல்லுங்கள் மதினி என்று கேட்டேன். அவளுக்கு விலை தெரியவில்லை. தெரியவில்லை என்று தலையை அசைத்தாள். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பி எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி உன் பெரியப்பா கையெழுத்துப் போட்டார். குறுக்கு விசாரணையில் வென்றுவிட்ட திருப்தியோடு நான் மதுரைக்கு வண்டி ஏறினேன்.

இரண்டு வருஷம் எந்தக் குறையும் தெரியவில்லை. மூன்றாம் வருஷம் ஐப்பசியில் முதல் மழை நன்றாகப் பெய்தது, உன் பெரியப்பா விதைத்தார், முளைத்தது, அதோடு வானம் மூடிக்கொண்டது. கையிலிருந்த விதையைப் போட்டுக் கார்த்திகையில் மறுபடி விதைத்தார். தையில் அறுப்பதற்கு ஒன்றும் இல்லை. அடுத்து வந்த ஆடியில் நல்ல மழை. ஊரின் வடபுறம் முழுவதும் சாமை காற்றில் அலையடித்தது என்று கேள்விப்பட்டேன். அதில் ஒரு முழம்கூட உன் பெரியப்பாவுக்கு இல்லை. அதை இல்லாமல் செய்தவன் நான். என் செவலை, விளைச்சலில் பங்கு என்று பேசி, வாரத்துக்கு விட்டிருந்தேன். வாரக்காரர் என் பங்குச் சாமையை வண்டியில் மதுரைக்கு அனுப்பி வைத்தார். நம் வீட்டில் மூன்று வேளையும் நெல்லுச்சோறு. உன் அம்மா அந்தச் சாமையை, எங்கள் ஊர்ச் சாமை என்று சொல்லி, தெருவில் நாலு வீட்டுக்குப் படி படியாகக் கொடுத்தாள். கொடுக்கச் சொன்னவன் நான்.

அந்தப் புரட்டாசியில் ஒரு எல்லைத் தகராறு வழக்கில் கோர்ட்டார் என்னைக் கமிஷனராக நியமித்து, இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை தரச் சொன்னார்கள். இடம் நம் ஊருக்கு இரண்டு மைல். வேலை முடிந்ததும் முன்னறிவிப்பில்லாமல் உச்சி வேளையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தெருவில் எல்லா வீட்டிலும் உலக்கைச் சத்தம். புதுச் சாமை குத்துகிற சமயம். அண்ணன் வீட்டு உரல் மட்டும் கவிழ்ந்து கிடந்தது. அண்ணனைக் காணோம். பெரியம்மா வாங்க என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, படியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கொல்லை வழியாக வெளியே போனாள். நான் கமிஷன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வந்தாள், உரலை நிமிர்த்தினாள், குத்தினாள், புடைத்தாள், உலை வைத்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். என் கண்ணெதிரே நடந்ததை எல்லாம் பார்த்தேன், ஒன்றையும் விளங்கிக்கொள்ளவில்லை. எல்லை பார்க்கத் தெரிந்தவனின் கண் அவ்வளவுதான்.

சாமைச் சோறும் பண்ணைக்கீரையும் வைத்தாள். பசி. நன்றாகச் சாப்பிட்டேன். சாமைக்கு ருசியே தனிதான், எந்தக் காட்டுச் சாமை இது என்று கேட்டேன். "நம்ம வடகாட்டுதுதான் கொழுந்தனாரே, உங்க பங்குக் காடு. வாரக்காரரு பொஞ்சாதிகிட்ட ரெண்டு படி கைமாத்தா வாங்கியாந்தேன். தையில வெளஞ்சா குடுத்துருவேன்" என்றாள். குரலில் குறையும் இல்லை, குத்தலும் இல்லை. அண்ணன் எங்கே என்று பிறகுதான் கேட்கத் தோன்றியது. "மாடு புடிக்கப் போயிருக்காருன்னு ஊருக்குச் சொல்லியிருக்கு. உங்களுக்குமா அதச் சொல்லணும்? மேலூர்ப் பக்கம் நெல்லறுக்கப் போயிருக்காரு. கூலிய நெல்லாக் குடுக்குறாகளாம்" என்றாள். சொந்தமாகப் பத்து ஏக்கர் கரிசல் உள்ளவர், பெரியாற்றுத் தண்ணீர் பாயும் ஊரில் அடுத்தவன் வயலில் அரிவாள் பிடித்துக்கொண்டிருந்தார். விதைக்கென்று அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த கடைசிச் சோளக் கதிர்களையும் ஆனியிலேயே இறக்கிக் கஞ்சி காய்ச்சியாயிற்று என்பதையும் அன்றுதான் சொன்னாள். பெரியப்பா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்றும் சொன்னாள். அது கேள்விச் சாட்சியம்தான், ஆனாலும் நம்புகிறேன்.

எழுந்து வெளியே வரும்போது, வாசல் வரைக்கும் வந்தவள் சொன்னது இது. வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. நா கேட்டதுக்கு நீங்களும் பதில் சொல்லல. கோர்ட்டுல அப்படி விட்டுருவாகளா கொழுந்தனாரே?"

விடமாட்டார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் வழக்கை முடித்த முனிசிப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் நான் முடித்திருந்தேன். விலை கேட்டு அவள் வாயை அடைத்தேன். அவள் கேட்டது விலையை அல்ல, மாதத்தை. பஞ்சாங்கத்தில் எந்த மாதத்தில் எந்தப் பானை நிறைகிறது என்பது அந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்த அளவுக்கு என் அண்ணனுக்கே தெரியாது; எனக்கு எப்படித் தெரியும்?

அறுப்பு முடிந்து உன் பெரியப்பா திரும்பியதும் மறுபடி ஊருக்குப் போனேன். வருஷந்தோறும் என் பங்குச் சாமையை அவர் வீட்டிலேயே இறக்கச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். "நீ குடுத்து நா திங்குறது ஒரு வருசத்துக்குச் சரிப்பா. ரெண்டாம் வருசம் உம்பொண்டாட்டி கேப்பா, மூணாம் வருசம் எம்பொண்டாட்டி கூசுவா. காட்டக் குடு, கஞ்சிய நா காச்சிக்கிறேன்" என்றார். இதைவிடச் சுருக்கமான சட்ட ஆலோசனை எனக்கு எந்த சீனியரும் சொன்னதில்லை. உடனே ஒரு பரிவர்த்தனைப் பத்திரம் எழுதினேன். கரிசலை நெடுக்கே பாதி, செவலை நெடுக்கே பாதி. கையெழுத்துப் போடும்போது உன் பெரியப்பா, "கட்டியிருந்த கோவணத்த அவுத்துப் போடுன்னான். இப்ப திரும்பக் கட்டுங்கிறான். படிச்ச தம்பி" என்று ரிஜிஸ்திரார் ஆபீஸ் முழுவதும் கேட்கும்படி சொன்னார். குமாஸ்தா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கத் தகுந்த தண்டனையோடு தப்பியது என் அதிர்ஷ்டம். ஆனால் பத்திரம் எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடவில்லை. கஞ்சியாகிப் போன அந்தச் சோள விதை என் தகப்பனார் பல வருஷங்களாகக் கதிர் கதிராகப் பொறுக்கி வைத்தது. குறைந்த மழையிலும் பால் பிடிக்கும். வெளியிலிருந்து வாங்கிப் போட்ட விதை எதுவும் அதற்கு ஈடாகவில்லை. அந்த நஷ்டத்துக்கு நான்தான் பொறுப்பு. அதற்குக் காலாவதிச் சட்டம் கிடையாது.

இப்போது உன் வரிக்கு வருகிறேன்: தானியத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். யுத்தம் முடிந்து வெகு காலம் ஆகிவிடவில்லை. பர்மா அரிசி நின்ற பிறகு இந்த மதுரையில் நடந்ததை நீயும் வந்து பார்த்தாய். கையில் பணம் வைத்திருந்தவர்கள் ரேஷன் கடை வாசலில் அட்டையோடு விடிகாலையிலிருந்து நின்றார்கள். உள்ளே இருந்தால்தானே போடுவார்கள்? வக்கீல் வீடு, டாக்டர் வீடு என்ற வித்தியாசம் அந்த வரிசையில் இல்லை. நம் வீட்டில் மட்டும் உலை நிற்கவில்லை. ஊரிலிருந்து நீ அனுப்பிய சாமையும் வரகும் இருந்தன. உன் அம்மா முகம் சுளித்துக்கொண்டே வரகு குத்தப் பழகினாள். பிறகு வரகுச் சோற்றுக்குத் தோதான குழம்பைப் பற்றி அடுத்த வீட்டுக்காரிக்குப் பாடம் எடுத்தாள். அவளைக் கேட்டால் சொல்வாள். கடை என்பது விளைகிற காலத்தில் திறந்திருக்கிற கதவு. விளையாத வருஷத்தில் நமக்குத் தேவைப்படும்போது எல்லாருக்கும் தேவைப்படும், அப்போது அது சாத்திக்கொள்ளும். இது என் ஊகம் என்றால் எழுதமாட்டேன். இரண்டு முறை, ஒன்று கிராமத்தில், ஒன்று நகரத்தில், நேரில் பார்த்தேன்.

உன் திட்டத்தில் நல்லதும் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். கிணறு வெட்டு. எஞ்சின் வை. தம்பிக்குச் சேரும் கரிசல் பாதிக்கும் அதே கிணற்றிலிருந்து தண்ணீர் பாய்ச்சும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம், அது சுலபம். அவன் பங்கை நீயே குத்தகைக்குப் பார்த்தால் ஐந்து ஏக்கரிலும் மாடு தாராளமாகத் திரும்பும். பருத்தியின் மேல் எனக்குப் பகை இல்லை; மில் சங்கு ஊதுகிற ஊரில் நாற்பது வருஷம் பிழைத்தவன் நான். நான் கேட்பது செவலில் உன் பாதியை, இரண்டேகால் ஏக்கரை, நீ கைவிடக் கூடாது என்பது. மற்றப் பாதியைத் தம்பி விற்றுத்தான் ஆக வேண்டுமென்றால் அது அவன் உரிமை; ஆனால் ஒரு இடத்தில் சூளை போட்டு மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டால், பிறகு எந்தப் பரிவர்த்தனைப் பத்திரத்தாலும் அந்த மண்ணைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. நான் செய்த தப்பைத் திருத்த எனக்கு நிலமாவது மிச்சம் இருந்தது. இதை அவனுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு பத்திர நகல்கள் வைத்திருக்கிறேன். ஒன்று நீ கேட்டபடி. ஒன்று நெடுக்கே பிரித்தது. இரண்டிலும் என் கையெழுத்து இருக்கிறது. இரண்டும் சட்டப்படி செல்லும். எதைப் பதிவு செய்தாலும் நான் ஆட்சேபிக்க மாட்டேன். உன்னிடம் ஒரே ஒரு வாய்தா கேட்கிறேன். கல்யாணத்துக்கு முன் பதிய வேண்டாம், ஆவணி கடக்கட்டும். இடையில் ஆடி மழை பெய்தால் செவலில் சாமையை விதைத்துவிடு. பயிர் நிற்கிற காட்டைச் சூளைக்காரரும் அவசரப்படுத்த மாட்டார் என்பது ஒரு கிழட்டு வக்கீலின் தந்திரம் என்றே வைத்துக்கொள்.

வாய்தாவுக்குக் காரணமும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நகலிலும் சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டிய பகுதியில் முதல் வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன். அந்த இடம் நம் வீட்டுக்கு வரப்போகும் பெண்ணுக்கு. பேரையூர்ப் பக்கத்து மானாவாரி வீட்டில் வளர்ந்தவள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நிச்சயத்தன்று நான் அவளோடு பேசிய நாலு வார்த்தையில், கேட்க வேண்டியதைக் கேட்கிற பெண் என்று தெரிந்துகொண்டேன். சாட்சி போடுகிறவர் கையெழுத்தைப் பார்த்தால் போதும், பத்திரத்தின் சங்கதி தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது சட்டம். அதை உன்னைவிட நான் அறிவேன். ஆனாலும் அவளை உட்காரவைத்து இரண்டையும் முழுவதுமாக வாசித்துக் காட்டு. அவள் ஏதாவது கேட்பாள். விலை சொல்லி மடக்காதே. கேட்டதற்குப் பதில் சொல். பதில் இல்லாவிட்டால் இல்லை என்று சொல். அதன் பிறகு அவள் எந்த நகலில் பெயர் எழுதுகிறாளோ அதை எடுத்துக்கொண்டு ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போ.

நீ சரியாகவே செய்வாய் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உன் அப்பா